டீசலா, பெட்ரோலா? ஹெவி டியூட்டி பிக்கப் வாங்குபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகள்

அமெரிக்காவில் பெரிய பிக்கப் வாங்கக் கிளம்பும் யாரும் ஒரு கட்டத்தில் இந்தக் கேள்வியில் வந்து முட்டிக்கொள்வார்கள். டீசல் கட்சிக்காரர்கள் பெட்ரோலை விளையாட்டுச் சாமான் என்பார்கள். பெட்ரோல் கட்சிக்காரர்கள் டீசலை யானையைக் கட்டித் தீனி போடுவதற்கு ஒப்பிடுவார்கள். இரண்டு கட்சியிலும் உண்மை இருக்கிறது. அங்கே எல்லாரும் 'கேஸ்' என்று சொல்வதை இங்கே பெட்ரோல் என்றே எழுதியிருக்கிறேன்.

ஹெவி டியூட்டி என்பது எந்த வண்டிகள்?

ஃபோர்டில் எஃப்-250, எஃப்-350. ராம், செவ்ரோலே, ஜிஎம்சி மூன்றிலும் 2500, 3500. பேச்சு வழக்கில் 250-உம் 2500-உம் 'முக்கால் டன்', 350-உம் 3500-உம் 'ஒரு டன்'. இது பழைய காலத்துப் பெயர். இன்றைய முக்கால் டன் வண்டி முக்கால் டன்னைவிட அதிகமாகவே சுமக்கும். எஃப்-150, ராம் 1500 போன்ற 'அரை டன்' வண்டிகள் இந்தப் பக்கத்தில் வராது.

வளவளவென்று வேண்டாம். எதை வாங்குவது?

டிரெய்லர் எவ்வளவு கனம், வருஷத்தில் எத்தனை நாள் அது வண்டியின் பின்னால் இருக்கும்? இந்த இரண்டுக்கும் நேர்மையாகப் பதில் சொன்னால் முக்கால்வாசி முடிவு தானாக வந்துவிடும். 10,000 பவுண்டுக்கு உட்பட்ட டிரெய்லர், மாதத்துக்கு ஓரிரு முறை, பெரும்பாலும் சமவெளி என்றால் பெட்ரோல் போதும். 14,000 பவுண்டுக்கு மேல், அடிக்கடி, மலைப்பாதையும் உண்டு என்றால் டீசல்தான். நடுவில் இருப்பவர்களுக்குத்தான் கீழே உள்ள மற்ற பதில்கள் எல்லாம்.

'நேர்மையாக' என்று சும்மா சொல்லவில்லை. ஷோரூமில் நிற்கும்போது எல்லாரும் வருஷம் பூராவும் டிரெய்லர் இழுக்கப்போவதாகத்தான் நினைக்கிறோம். டீசல் வாங்கிய எத்தனையோ பேருக்கு அது தேவையே இல்லை என்பது என் கட்சி.

குதிரைத்திறன் கிட்டத்தட்ட சமம்தானே? பிறகு டீசல் மட்டும் எப்படி அப்படி இழுக்கிறது?

எண்களை எடுத்துக்கொள்வோம். ஃபோர்டின் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 கொடுப்பது 430 குதிரைத்திறன். அதன் 6.7 லிட்டர் பவர் ஸ்ட்ரோக் டீசல் 475, அதிலேயே ஹை அவுட்புட் வகை 500. வித்தியாசம் ஒன்றும் பிரமாதமில்லை. ஆனால் டார்க் என்கிற முறுக்குவிசையைப் பாருங்கள். பெட்ரோலில் 500-ஐத் தொடாது. டீசலில் 1,050, ஹை அவுட்புட்டில் 1,200 பவுண்டு-அடி. செவ்ரோலேயின் 6.6 ட்யூராமேக்ஸ் டீசல் 975. ராமின் கம்மின்ஸ் டீசல் 1,075.

அந்த முறுக்கு எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதுதான் இதில் முக்கியம். டார்க்கை ஆர்பிஎம்மால், அதாவது நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் சுற்றுகளால் பெருக்கி 5,252-ஆல் வகுத்தால் குதிரைத்திறன். டீசல் 1,800 ஆர்பிஎம்மில் 1,000 பவுண்டு-அடி தருகிறது என்று வைத்தால் அந்த இடத்திலேயே ஏறக்குறைய 340 குதிரைத்திறன் கையில் இருக்கிறது. அதே 340-ஐ 7.3 பெட்ரோலிடமிருந்து வாங்க அதை 4,000 ஆர்பிஎம் பக்கம் சுழலவிட வேண்டும். மேட்டில் இரண்டு வண்டியும் ஒரே வேகத்தில் ஏறலாம். ஒன்று பேசிக்கொண்டே ஏறும், இன்னொன்று கத்திக்கொண்டே ஏறும்.

பெட்ரோல் எஞ்சின் 4,000-இல் கத்துவதால் கெட்டுப்போகாது, அது அப்படி ஓடத்தான் செய்யப்பட்டது. ஆனால் எட்டு மணி நேரம் அந்தச் சத்தத்தோடு, கியர் ஏறி இறங்கி ஓட்டிவிட்டு இறங்குபவருக்கு உடம்பில் தெரியும். டீசலுக்குத் தரும் பணத்தில் கணிசமான பங்கு இந்த அலுப்பின்மைக்குத்தான். அதில் தப்பே இல்லை, ஆனால் எதற்குத் தருகிறோம் என்று தெரிந்து தரவேண்டும்.

இந்த முறுக்கு எங்கிருந்து வருகிறது?

டீசலில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை 16-க்கு 1 என்ற அளவில் நெருக்கிச் சூடாக்கி, அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சின்களில் இந்த நெருக்கம் 10, 11 பக்கம் நிற்கிறது. அதற்கு மேல் போனால் பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து 'நாக்' வரும். இதோடு டீசலுக்கு டர்போ இருக்கிறது, காற்றைத் திணித்து அனுப்புகிறது. இந்த வகுப்பில் இப்போது விற்கும் பெட்ரோல் வி8-கள் டர்போ இல்லாதவை. ஒரு கேலன் டீசலில் ஒரு கேலன் பெட்ரோலைவிடப் பத்துப் பதினைந்து சதவீதம் அதிகச் சக்தி இருப்பதும் சேர்ந்துகொள்கிறது.

மலைப்பாதையில் வித்தியாசம் பெரிதாகத் தெரியுமா?

தெரியும். ஏறும்போதும் தெரியும், இறங்கும்போது அதைவிட அதிகமாகத் தெரியும்.

டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வோர் ஆயிரம் அடிக்கும் ஏறக்குறைய 3 சதவீதம் சக்தியை இழக்கும். கொலராடோவில் ஐ-70 சாலையின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. கடல் மட்டத்தில் 430 குதிரைத்திறன் காட்டிய பெட்ரோல் எஞ்சின் அங்கே போய்ச் சேரும்போது 300 பக்கம் வந்திருக்கும். டர்போ உள்ள டீசல் காற்றின் மெலிவைப் பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

இறக்கத்துக்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினில் காலை எடுத்ததும் த்ராட்டில் மூடி, எஞ்சின் காற்றுக்குத் திணறி, வண்டியைப் பிடித்து நிறுத்தப் பார்க்கும். டீசலில் அந்த மாதிரி மூடும் த்ராட்டில் இல்லாததால் இயல்பாகப் பிடிமானம் குறைவு. அதற்குத்தான் எக்ஸாஸ்ட் பிரேக். டர்போவுக்குள் இருக்கும் சிறு இறக்கைகள் நெருங்கிப் புகை வெளியேறும் வழியை அடைக்க, எஞ்சின் தன் மூச்சையே எதிர்த்துத் தள்ளவேண்டி வரும். ஒரு பட்டனை அழுத்திவிட்டால் 15,000 பவுண்டு டிரெய்லரோடு நீளமான இறக்கத்தில் கால் பிரேக்கை எப்போதாவது தொட்டால் போதும். பெட்ரோல் வண்டியிலும் டோ மோட் என்ற இழுவை அமைப்பு கியரைக் குறைத்துப் பிடிக்கும், ஆனால் ஆர்பிஎம் முள் மேலே போய் நிற்க வேண்டும், அதையும் மீறி பிரேக்கைப் பலமுறை மிதிக்கவேண்டி வரும். மேற்கு மாநிலங்களில் கனமான டிரெய்லரோடு திரிபவருக்கு எக்ஸாஸ்ட் பிரேக் ஒன்றுக்காகவே டீசல் வாங்கலாம் என்பேன்.

டீசல் அதிகம் இழுக்கும் என்றால் அதிகம் சுமக்கவும் செய்யும்தானே?

இல்லை. இதில்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள்.

டீசல் எஞ்சின் கனமானது. அதோடு பெரிய ரேடியேட்டர், கூலர்கள், புகை சுத்திகரிப்புப் பெட்டிகள் என்று எல்லாம் சேர்ந்து அதே வண்டியின் பெட்ரோல் வகையைவிடப் பல நூறு பவுண்டு எடை கூடும். வண்டி தன் எடையும் சேர்த்து மொத்தம் எவ்வளவு தாங்கலாம் என்ற வரம்பு இரண்டுக்கும் ஒன்றாகவே இருந்தால், கூடிய எடை அப்படியே பேலோடிலிருந்து, அதாவது ஏற்றக்கூடிய சுமையிலிருந்து கழியும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு ஸ்டிக்கர் இருக்கும். 'ஆட்களும் சரக்கும் சேர்த்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது' என்று ஒரே ஓர் எண் போட்டிருக்கும். விளம்பரத்தில் வரும் எண் ஏதோ ஒரு வெறும் வண்டியுடையது. இந்த ஸ்டிக்கரில் இருப்பதுதான் நீங்கள் வாங்கப்போகும் அந்த வண்டியுடையது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நான்கு கதவு, ஃபோர் வீல் டிரைவ், தோல் சீட் எல்லாம் உள்ள முக்கால் டன் டீசல். மொத்த வரம்பு 10,000 பவுண்டு, ஸ்டிக்கரில் 2,200 என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் பார்த்து வைத்திருப்பது சாமான் ஏற்றினால் 12,000 பவுண்டு வரும் ஃபிஃப்த் வீல் டிரெய்லர், பிக்கப்பின் தொட்டிக்குள்ளேயே மாட்டும் வகை. ஃபிஃப்த் வீலில் மொத்த எடையில் 15 முதல் 25 சதவீதம் வண்டியின் முதுகில் உட்காரும். 20 என்று எடுத்தால் 2,400. இணைப்புக் கருவி 200. குடும்பத்தில் நான்கு பேர் 600. ஆக 3,200. ஆயிரம் பவுண்டு அதிகம். எஞ்சின் 20,000 பவுண்டை இழுக்கும் என்று டீலர் சொன்னது பொய்யில்லை. ஆனால் உங்கள் வண்டியின் ஸ்பிரிங்கும் டயரும் ஆக்ஸிலும் அதைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

அதே வண்டி பெட்ரோலில் ஸ்டிக்கர் 2,900, 3,000 என்று காட்டலாம். இருந்தும் இந்த டிரெய்லருக்குப் போதாது. இங்கே விடை எஞ்சினில் இல்லை, ஒரு டன் வண்டிக்குப் போக வேண்டும். அதனால்தான் எஞ்சினைத் தேர்ந்தெடுக்கும் முன் ஸ்டிக்கரைப் படியுங்கள் என்று பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கனமான ஃபிஃப்த் வீலுக்கு முக்கால் டன் டீசல் என்பது பெரும்பாலும் பொருந்தாத ஜோடி. பந்துக் கொக்கியில் மாட்டும் சாதாரண டிராவல் டிரெய்லர் என்றால் பிரச்சினை குறைவு. அதன் எடையில் 10 முதல் 15 சதவீதம்தான் வண்டிமேல் விழும்.

டீசலுக்கு மைலேஜ் அதிகம். கூடுதல் விலையை அதில் எடுத்துவிடலாமா?

முதலில் ஒரு விஷயம். மொத்த எடை வரம்பு 8,500 பவுண்டைத் தாண்டிய பிக்கப்களுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை மைலேஜ் எண் வெளியிடுவதில்லை. கண்ணாடியில் ஒட்டும் விலைத்தாளில் அந்தக் கட்டமே இருக்காது. எனவே யார் எந்த எண் சொன்னாலும் அது அவர் வண்டி, அவர் கால், அவர் சாலை.

நான் போடுவது மாதிரிக் கணக்கு, உங்கள் எண்களை வைத்துத் திரும்பப் போடுங்கள். வருஷம் 15,000 மைல். பெட்ரோல் 3.20 டாலர், டீசல் 3.80. டீசலுக்கு மத்திய வரியே கேலனுக்கு 24.4 சென்ட், பெட்ரோலுக்கு 18.4 சென்ட்.

வெறும் வண்டியாக ஓட்டினால் பெட்ரோல் 13 மைல், டீசல் 17 மைல் தருகிறது என்று வைப்போம். பெட்ரோலுக்கு ஏறக்குறைய 3,690 டாலர், டீசலுக்கு 3,350. மிச்சம் 340. அதில் டெஃப் என்ற புகை சுத்திகரிப்புத் திரவத்துக்கு 70 போனால் கையில் 270.

வருஷம் முழுக்க டிரெய்லரோடு ஓட்டினால் பெட்ரோல் 8, டீசல் 11.5. அப்போது 6,000-க்கு எதிராக 4,960. டெஃப் செலவு கூடும். மிச்சம் ஏறக்குறைய 890.

டீசல் எஞ்சினுக்கு வண்டி விலையில் 10,000 டாலர் அளவில் கூடுதலாகக் கேட்பார்கள். முதல் கணக்கில் அதை எடுக்க 37 வருஷம். இரண்டாவதில் 11 வருஷம். பராமரிப்பை நான் இன்னும் சேர்க்கவே இல்லை.

டீசலுக்கு ஆதரவாகச் சொல்ல வேண்டியதையும் சொல்லிவிடுகிறேன். விற்கும்போது டீசல் தன் கூடுதல் விலையில் ஒரு பங்கைத் திரும்பத் தரும். பாதி திரும்பி வந்தால் இரண்டாவது கணக்கு ஆறு வருஷத்துக்குள் முடிந்துவிடும். முதல் கணக்கு அப்போதும் 18 வருஷம் இழுக்கும். வாடகைக்கு டிரெய்லர் இழுத்து வருஷம் 60,000, 70,000 மைல் ஓடும் ஹாட்ஷாட் ஓட்டுநர்களுக்கு இந்தக் கேள்வியே எழாது, அவர்கள் டீசலை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

டெஃப், டிபிஎஃப், ரீஜென் என்கிறார்களே, என்ன அது?

டீசல் புகையில் இரண்டு தொல்லை: கரித்தூள், நைட்ரஜன் ஆக்சைடு. கரிக்கு டிபிஎஃப். புகைக்குழாயில் இருக்கும் வடிகட்டி, 2007 முதல் இந்த வண்டிகளில் உண்டு. நைட்ரஜன் ஆக்சைடுக்கு டெஃப். 32.5 சதவீதம் யூரியா கலந்த தூய நீரைப் புகையில் தெளித்தால், வினையூக்கிப் பெட்டிக்குள் அந்த ஆக்சைடு நைட்ரஜனாகவும் நீராவியாகவும் மாறிவிடும். ஃபோர்டும் ஜிஎம்மும் 2011 வண்டிகளில் இதைக் கொண்டுவந்தன, ராம் பிக்கப் 2013-இல்.

டிபிஎஃப் நிரம்பினால் வண்டி தானே அதைச் சுட்டெரிக்கும். அதுதான் ரீஜென். நெடுஞ்சாலையில் போகும்போது நடந்தால் உங்களுக்குத் தெரியக்கூட தெரியாது. ரீஜென் ஓடும்போது வீட்டு வாசலில் வந்து நின்றால் தெரியும். ஐடில், அதாவது நின்றபடி எஞ்சின் சுற்றும் வேகம், வழக்கத்தைவிட உயரமாக நிற்கும், விசிறி விமானம் மாதிரி இரையும், அடியிலிருந்து காய்ந்த இரும்பு வாசனை வரும். வடிகட்டி 550, 600 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. அந்த நேரம் காய்ந்த புல்மேல் நிறுத்தாதீர்கள். முடிந்தால் அணைக்காமல் இன்னும் பதினைந்து நிமிடம் சுற்றிவிட்டு வாருங்கள்.

டெஃப் விஷயத்தில் நினைவில் வைக்க வேண்டியவை கொஞ்சம்தான். நீல மூடி டெஃப், மற்றது டீசல். மாற்றி ஊற்றிவிட்டு ஸ்டார்ட் செய்தால் செலவு ஆயிரங்களில் வரும். டெஃப் -11 டிகிரி செல்சியஸில் உறையும், ஆனால் டேங்கில் ஹீட்டர் இருப்பதால் வண்டி ஓட அது தடையில்லை. வெயிலில் வைத்தால் கெடும், கேரேஜில் பெட்டி பெட்டியாக அடுக்கி வைக்காதீர்கள். தீர்ந்தாலோ சென்சார் பழுதானாலோ வண்டி எச்சரித்து, பிறகு வேகத்தைக் கட்டிப்போடும். நடுவழியில் இப்படி மாட்டிக்கொண்டவர்களின் புலம்பல் அதிகமானதால், 2025 ஆகஸ்டில் சுற்றுச்சூழல் முகமை இந்த மென்பொருளைத் தளர்த்தச் சொல்லி வழிகாட்டுதல் வெளியிட்டது.

கடைக்கும் பள்ளிக்கும் போய்வர டீசல் சரிப்படுமா?

சரிப்படாது. ஐந்து மைல் ஓட்டத்தில் எஞ்சினே முழுதாகச் சூடாகாது, ரீஜென் ஆரம்பித்துப் பாதியில் நிற்கும், கரி சேரும். அரைகுறை ரீஜெனில் கூடுதலாகத் தெளித்த டீசல் எஞ்சின் ஆயிலில் இறங்கி அதை நீர்க்கச் செய்யும். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். வாரத்துக்கு ஒரு முறையாவது நெடுஞ்சாலையில் சுமையோடு நீட்டி ஓட்டுபவராக இருந்தால் இந்தப் பயம் வேண்டாம்.

இந்தப் புகைக் கருவிகள் எல்லாவற்றையும் கழற்றி 'டிலீட்' செய்துவிட்டால்?

சட்டவிரோதம். தூய காற்றுச் சட்டப்படி புகைக் கருவியைக் கழற்றுவதும், கழற்ற உதவும் சாமான் விற்பதும் குற்றம். தயாரிப்பாளர்களுக்கே தப்பவில்லை. ராம் 2500, 3500 எஞ்சின்களின் மென்பொருள் விஷயத்தில் அவற்றைச் செய்யும் கம்மின்ஸ் கம்பெனி 167.5 கோடி டாலர் அபராதத்துக்கு ஒப்புக்கொண்டது. வாரண்டி போகும், பல மாநிலங்களில் புகைச் சோதனையில் தேறாது, நல்ல டீலர் திரும்ப எடுக்கமாட்டார்.

கடுங்குளிரில்?

பெட்ரோல் வண்டிக்குப் பெரிய சடங்கு இல்லை. டீசலில் மெழுகு இருக்கிறது, குளிர்ந்தால் அது திரண்டு ஃபில்டரை அடைக்கும். குளிர் மாநிலங்களின் பம்புகளில் குளிர்காலக் கலவை வரும், ஆகவே உள்ளூரில் நிரப்பி உள்ளூரில் ஓட்டுபவருக்குத் தொல்லை குறைவு. மாட்டுபவர் யார் என்றால், டெக்சாஸில் டேங்கை நிரப்பிக்கொண்டு ஒரே ஓட்டமாக வடக்கே போய் மினசோட்டாவில் இரவு நிறுத்துபவர். காலையில் ஸ்டார்ட் ஆகி, இரண்டு நிமிடம் ஓடி, நின்றுவிடும். ஆன்ட்டி-ஜெல் திரவத்தை உறைவதற்கு முன்னால்தான் ஊற்ற வேண்டும், உறைந்த பிறகு அது பயன்படாது. இரவில் எஞ்சினைச் சூடாக வைக்கும் பிளாக் ஹீட்டரைப் பிளக்கில் மாட்டும் பழக்கமும் வேண்டும்.

பனி தள்ளும் பிளேடு மாட்டப் போகிறவர்களுக்கு ஒன்று. டீசல் எஞ்சினின் எடை முன் ஆக்ஸில் மேல்தான் உட்காருகிறது, பிளேடும் அங்கேயேதான். பெட்ரோல் வண்டி இங்கே நிம்மதி.

பராமரிப்பில் எவ்வளவு வித்தியாசம்?

ஆயிலிலிருந்தே தொடங்குகிறது. கம்மின்ஸுக்கு 12 குவார்ட், பவர் ஸ்ட்ரோக்குக்கு 13. ஃபோர்டு 7.3-க்கு 8, ராமின் 6.4 ஹெமி பெட்ரோலுக்கு 7. டீசலில் எரிபொருள் ஃபில்டரைத் தவறாமல் மாற்ற வேண்டும், அடியில் சேரும் தண்ணீரை வடிக்க வேண்டும். இதெல்லாம் சில்லறை. பயப்பட வேண்டியது எரிபொருளை அழுத்தி அனுப்பும் பம்பும், அதைப் பீய்ச்சும் இன்ஜெக்டரும்.

சிபி4 என்ற உயரழுத்தப் பம்பின் கதை டீசல் வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும். டீசலின் வழவழப்பில்தான் அது தன்னை உராயாமல் காத்துக்கொள்கிறது. தண்ணீரோ பெட்ரோலோ கலந்தால் உள்ளே இரும்பு இரும்பைத் தின்னும். பம்ப் போவதோடு நின்றால் பரவாயில்லை, மினுமினுக்கும் துகள்கள் இன்ஜெக்டர்வரை பரவி மொத்த எரிபொருள் அமைப்பையும் மாற்ற வைக்கும். பில் 10,000 டாலரைத் தொடும். 2011-16 ட்யூராமேக்ஸிலும், 2011-இலிருந்து பவர் ஸ்ட்ரோக்கிலும் இந்தப் பம்ப் வந்தது. ராம் 2019, 2020 வண்டிகளில் போட்டுப் பார்த்துவிட்டு, ரீகால் செய்து பழைய சிபி3-க்கே திரும்பியது.

நம்பிக்கையோடு டீசல் வாங்கக் காரணமும் உண்டு: மூன்று கம்பெனிகளும் டீசலுக்குக் குறைந்தது 5 வருஷம் அல்லது 1,00,000 மைல் வாரண்டி தருகின்றன. ஃபோர்டில் பெட்ரோல் எஞ்சினுக்கு அது 60,000 மைல். நான் கவலைப்படுவது வாரண்டி முடிந்த மறுநாளைப் பற்றி.

டீசல்தான் மூன்று லட்சம் மைல் ஓடும் என்கிறார்களே?

எஞ்சின் ஓடும். 1989-இல் டாட்ஜ் (இன்றைய ராமின் பழைய பெயர்) பிக்கப்பில் வந்த பழைய 5.9 கம்மின்ஸ் வெறும் 160 குதிரைத்திறன்தான், ஆனால் அதை வைத்துத்தான் இந்தப் பெயரே வந்தது. அன்றைய டீசலில் டிபிஎஃப் இல்லை, யூரியா இல்லை, கணினி அதிகம் இல்லை. இன்றைய டீசலில் இரும்புப் பகுதி அதே உறுதியோடு இருக்கிறது, அதைச் சுற்றித் தொங்கும் சென்சார்களும் பம்புகளும் கூலர்களும்தான் முதலில் களைத்துப்போகின்றன. எல்லா டீசலும் சாகாவரம் பெற்றதும் இல்லை, 2003-2007 ஃபோர்டு 6.0-ஐ வைத்திருந்தவரைக் கேட்டால் ஹெட் கேஸ்கெட் புராணம் பாடுவார். இன்னொரு பக்கம், இப்போதைய பெட்ரோல் வி8-களும் ஒழுங்காக ஆயில் மாற்றினால் இரண்டு லட்சம் மைலைச் சாதாரணமாகக் கடக்கின்றன. ஒரே வண்டியை அவ்வளவு தூரம் வைத்திருக்கப் போகிறீர்களா என்பதுதான் கேள்வி.

பெட்ரோல் என்று முடிவு செய்தால் எது?

ஃபோர்டின் 7.3 என் முதல் தேர்வு. 2020-இல் வந்தது, செல்லப்பெயர் காட்ஸில்லா. வார்ப்பிரும்புப் பிளாக், புஷ்ராட், போர்ட் இன்ஜெக்‌ஷன், டர்போ கிடையாது. வேண்டுமென்றே எளிமையாகச் செய்தது. செவ்ரோலே, ஜிஎம்சி 6.6 பெட்ரோல் 401 குதிரைத்திறன், அதுவும் 2020 வரவு, நல்ல எஞ்சின்; 2024-இலிருந்து பத்து கியர் கிடைத்ததும் இழுவையில் தெளிவாக முன்னேறியது. ராமின் 6.4 ஹெமி ஓட்ட இனிமையானது, ஆனால் நீண்ட நேரம் ஐடிலில் நிற்கும் வண்டிகளில் வால்வைத் தூக்கும் லிஃப்டர் தேய்மானப் புகார்கள் உண்டு.

எஞ்சினைவிட நிறையப் பேர் கவனிக்கத் தவறுவது ஆக்ஸில் விகிதம், அதாவது சக்கரம் ஒரு முறை சுற்ற அதைச் சுழற்றும் தண்டு எத்தனை முறை சுற்றுகிறது என்ற எண். டிரெய்லர் இழுக்கப் போகும் 7.3-க்கு 4.30 கேளுங்கள். 3.73-ஐ எடுத்துவிட்டு 'பெட்ரோலுக்கு இழுக்கத் தெம்பில்லை' என்று குறை சொல்வதில் அர்த்தமில்லை.

டீசல் டேங்கில் பெட்ரோலை ஊற்றிவிட்டேன்!

ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள், டேங்க் பம்ப் ஓடத் தொடங்கிவிடும். டோ வண்டியைக் கூப்பிட்டு டேங்கைக் காலி செய்தால் சில நூறு டாலரோடு முடியும். ஓட்டிவிட்டால் மேலே சொன்ன சிபி4 கதைதான். பம்பில் பச்சைக் கைப்பிடி இருந்தால் டீசல் என்று நம்பிவிட வேண்டாம், பிபி பங்க்குகளில் பச்சை பெட்ரோலுடையது. எழுத்தைப் படியுங்கள்.

பழைய டீசல் வாங்கலாமா? எதைப் பார்ப்பது?

வாங்கலாம், ஆனால் வண்டி சூடாவதற்கு முன் போய் நில்லுங்கள். விற்பவரிடம் முன்கூட்டியே 'ஸ்டார்ட் செய்து வைக்காதீர்கள்' என்று சொல்லிவிட்டு, போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த எஞ்சின் எப்படிக் கிளம்புகிறது என்பதில் பாதிக் கதை இருக்கிறது. ஓடும்போது ஆயில் மூடியைக் கழற்றித் தலைகீழாக வாய்மேல் வையுங்கள். லேசாக ஆடினால் சரி, துள்ளி விழுந்தால் பிஸ்டன் ரிங் தேய்ந்து காற்றழுத்தம் கீழே கசிகிறது. எரிபொருள் ஃபில்டரைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள், அடியில் மினுமினுப்பு தெரிந்தால் பேச்சே வேண்டாம், திரும்பி வந்துவிடுங்கள். வண்டிக்கடியில் குனிந்து டிபிஎஃப் பெட்டி இருக்கவேண்டிய இடத்தில் வெறும் குழாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக டேஷ்போர்டு மெனுவில் எஞ்சின் மணிக்கணக்கைத் தேடுங்கள். மைலை மணியால் வகுக்க வேண்டும். 90,000 மைல், 2,300 மணி என்றால் சராசரி 39 மைல் வேகம், நெடுஞ்சாலை வண்டி. அதே 90,000 மைலுக்கு 5,600 மணி காட்டினால் சராசரி 16. ஓடாமல் உறுமிக்கொண்டே நின்ற வண்டி அது, ஓடோமீட்டர் சொல்வதைவிட வயதானது. விலையை அதற்குத் தகுந்தாற்போலப் பேசுங்கள்.